ஸ்டாண்டு கேட்ட காளீஸ்வரி

காளீஸ்வரிக்கு ஒரு எடத்துல சும்மா நிக்க வராது. பஸ்ஸுக்கு நிக்கும்போதும் ஒரு எட்டு இப்பிடி, ஒரு எட்டு அப்பிடி. சத்திரப்பட்டிப் பக்கம் காயத்துக்குக் கட்டுற துணி மடிக்கிற கம்பெனியில வேல. அங்க ஒக்கார ஸ்டூலு கெடக்கும், ஒக்கார மாட்டா. நின்னுக்கிட்டேதான் மடிப்பா. சூப்பர்வைசர் போற போக்குல, "ஏத்தா, ஒனக்கு வாங்கிப் போட்ட ஸ்டூலு துருப்புடிச்சே போச்சு"ம்பாரு. "வேற யாருக்காச்சும் குடுங்கண்ணே"ன்னுட்டு அவ கை பாட்டுக்கு மடிச்சுக்கிட்டே இருக்கும்.

ஆனா ஞாயித்துக்கெழம வாலிபால் கோர்ட்டு மூலையில, கையில கொடியப் புடிச்சுக்கிட்டு அவ நிக்கிற நிப்ப நீங்க பாக்கணும்! ஆணி அடிச்சு எறக்குன மாதிரி நிப்பா. பந்து கோட்டுக்குள்ள விழுந்தா கொடி கீழ போகும், வெளிய விழுந்தா மேல போகும். லைன் ரெப்ரி வேல அம்புட்டுதான். அதுல அவள அடிச்சுக்க ராஜபாளையத்துலயும் ஆளு இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஆளு இல்ல.

நெட்டு ஓரத்துல இரும்புல ஒரு ஸ்டாண்டு நிக்கும், பாத்திருப்பீங்க. அதுல ஏறி நிக்கிறவருதான் மெயின் ரெப்ரி. மேட்சு மொத்தமும் அவரு விசில்ல. காளீஸ்வரி பள்ளிக்கூடப் பிள்ளைக மேட்சுக்கு அதுல ஏறியிருக்கா, பொம்பளப் பிள்ளைக மேட்சுக்கும் ஏறியிருக்கா. ஆம்பளைக டோர்னமெண்டுன்னா மட்டும் வாட்சப்புல வர்ற டூட்டி லிஸ்டுல ஒரே வரிதான் வரும். 'லைன்: காளீஸ்வரி.' வருசக்கணக்கா அதே வரி. எல்லாரும் எழுதுன அதே ரெப்ரி பரீட்சையத்தான் அவளும் எழுதுனா. கேட்டா, அதுல அவ மார்க்குதான் ஒசத்தின்னு சொல்லுவாங்க. அவ சொல்ல மாட்டா.

பரீட்ச எழுத வச்சதே சமுத்திரம் சார்தான். பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு, ரெப்ரிமாருக்கெல்லாம் தலைவரு, லிஸ்டு போடுறதும் அவருதான். காளீஸ்வரி மகாராஜபுரத்துக்காரி, வத்திராயிருப்பு பள்ளிக்கூடத்துல வாலிபால் ஆடுனவ. ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல, மேட்சு பாக்கப் போயி வேலிக்கு வெளிய நின்னு, "அது டபுள் டச்சு! ஒரே ஆளு கையில ரெண்டு தடவ பட்டுச்சு, கண்ணு தெரியலையா?"ன்னு கத்தியிருக்கா. ஸ்டாண்டுல நின்ன சமுத்திரம் சார் திரும்பிப் பாத்து, "ஏத்தா, வேலிக்கு வெளிய நின்னு கத்துறத பரீட்சையில வந்து எழுது"ன்னாரு. புருசன் சோணைமுத்து அன்னைக்கி வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சான். அடுத்த மாசம் அவந்தான் லோடு ஆட்டோவுல கூட்டிட்டுப் போயி பரீட்ச ஹால்ல எறக்கி விட்டான்.

சரி, இப்ப விசயத்துக்கு வாரேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலையில, ராஜபாளையம் பள்ளிக்கூட மைதானத்துல ரெப்ரிமாரு கூடியிருந்தாங்க. மாசா மாசம் இப்பிடிக் கூடி, மாறுன விதியெல்லாம் பேசி, கைச்சைகை பழகுவாங்க. அன்னைக்கி புதுசா ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. தோள்ல பை, கையில ஒரு தாள் கட்டு. பேரு ஹெப்சிபா. ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர், திருநெல்வேலியில உடற்கல்வியில பிஎச்டி பண்ணுது.

"வாங்கம்மா. நம்ம பயகளுக்கு என்ன பரீட்ச வைக்கப் போறீக?"ன்னாரு சமுத்திரம் சார்.

"உங்களுக்குப் பரீட்ச இல்ல சார். இந்தக் கேள்விகளுக்குத்தான் பரீட்ச."

எல்லாரும் முழிச்சாங்க. ஹெப்சிபா வெயில்ல நின்னுக்கிட்டே வெளக்குச்சு. ஒரு ரெப்ரி எதுக்காக விசில் ஊதுறாரு, எது நடந்தா ஜெயிச்ச மாதிரி நெனைக்கிறாருன்னு கண்டுபிடிக்க வெளிநாட்டுல ஒரு கேள்வித்தாள் செஞ்சிருக்காங்க. சில பேருக்கு நேத்தைய விட இன்னைக்கி நான் நல்லாச் செஞ்சேன்னா போதும். சில பேருக்கு அடுத்தவர விட நான் ஒசத்தின்னு ஆகணும். அந்த ரெண்டு மனசையும் தாள் பிரிச்சுக் காட்டும். "ஆனா இதத் தமிழ்ல மாத்தி நம்ம ரெப்ரிங்ககிட்டக் குடுத்தா, அப்பவும் சரியாப் பிரிச்சுக் காட்டுமா? கேள்வி புரியுமா? அதச் சோதிக்கத்தான் வந்திருக்கேன். சரியான விடை, தப்பான விடைன்னு எதுவுமே கெடையாது. ஒண்ணுன்னா இல்லவே இல்ல, அஞ்சுன்னா ரொம்ப ஆமா. மனசுல உள்ள நம்பர வட்டம் போடுங்க, அம்புட்டுதான்."

தாளக் குடுத்துட்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் கபடி ரெப்ரிங்ககிட்டப் போயிருச்சு. அங்கதான் வந்தது வினை!

சமுத்திரம் சார் கண்ணாடியப் போட்டு, கேள்விய சத்தமா வாசிச்சாரு. "பிற நடுவர்களைக் காட்டிலும் நான் மேம்பட்டவராகத் திகழும்போது வெற்றி பெற்றதாக உணர்கிறேன்."

"நான் எங்க சார் திகழ்ந்தேன்? வெயில்ல கருகிப்போயில்ல கெடக்கேன்!"ன்னான் தனுஷ்கோடி. பெரிய மேட்சுக்கெல்லாம் ஸ்டாண்டுல ஏறுறது இவன்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல செல்போன் கடை வச்சிருக்கான். எல்லாரும் சிரிச்சாங்க.

"ஏலே, சும்மா இரி. என்ன நம்பரு போடுறீக?"

ஒருத்தர் மூணுன்னாரு. இன்னொருத்தர் ரெண்டுன்னாரு. சார் தாளக் கீழ வச்சாரு. "ஆளுக்கு ஒண்ணச் சொன்னா எப்பிடிய்யா? வெளியிலருந்து வந்திருக்கிற பிள்ள. ரெப்ரிமாருக்குள்ளயே ஒத்துமை இல்லன்னுல்ல எழுதிட்டுப் போயிரும்?"

இத ஏமாத்துன்னு நெனச்சிராதீங்க, சத்தியமா இல்ல! இவங்க வளந்த விதம் அப்பிடி. சந்தேகமான பந்து விழுந்தா ரெப்ரிங்க எல்லாம் ஒண்ணாக் கூடி, காதோட காதாப் பேசி, கடைசியில மெயின் ரெப்ரி ஒரே முடிவச் சொல்லுவாரு. அதுக்குப் பொறவு நீங்க வேற மாதிரிப் பாத்திருந்தாலும் வாயத் தெறக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு சொன்னா அன்னைக்கே மைதானத்துல கல்லு பறக்கும். அம்புட்டு வருசப் பழக்கத்த அப்பிடியே தாளுக்குக் கொண்டுவந்துட்டாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் தலையச் சேத்துப் பேசுனாங்க. சார் முடிவச் சொன்னாரு. பேனா எல்லாம் ஒண்ணாக் குனிஞ்சுச்சு.

"இந்த ஒசத்திக் கேள்விக்கு ஒண்ணு போடுங்க. பெருமை புடிச்ச கூட்டம்னு நெனச்சிரப் போகுது."

காளீஸ்வரி பேனா நேரா அஞ்சுக்குத்தான் போச்சு. போயி நின்னுச்சு. பக்கத்துல தனுஷ்கோடி தாளு தெரிஞ்சுச்சு, அதுல ஒண்ணு. அவளும் பேனாவ இழுத்துட்டு வந்து ஒண்ணச் சுத்தி ஒரு வட்டம் போட்டா. வட்டம் கோணிப்போச்சு. வீட்டுக்கு வந்த பொறவும் அந்தக் கோணல் வட்டம் அவளுக்குள்ள உருண்டுக்கிட்டே கெடந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல போன் அடிச்சுச்சு. ஹெப்சிபா.

"அக்கா, உங்க குரூப்புல பொம்பள ரெப்ரி எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான். ஏம்மா?"

"தாளுல நாலு பேரு பெண்ணுன்னு டிக் போட்டிருக்காங்க."

காளீஸ்வரிக்குப் பொறையேறிருச்சு. லேட்டா வந்த மூணு பேரு அவசரத்துல அவ தாளப் பாத்துத்தான் எழுதுனாங்க. மேலருந்து கீழ வரைக்கும் ஒண்ணு விடாம எழுதியிருக்காங்க! அவ சிரிச்ச சிரிப்புல, சோறு செதறிராம தூக்குச்சட்டிய மூட பக்கத்துல சாப்புட்ட பொண்ணு வந்துட்டா.

"சிரிக்காதீங்கக்கா, எனக்கு அழுகையா வருது. எல்லாத் தாளும் ஒண்ணு போல இருக்கு. ஆளுக்கு ஆளு வித்தியாசம் இருந்தாத்தான் கேள்வி வேல செய்யுதா இல்லையான்னு தெரியும். இத வச்சு ஒண்ணுமே பாக்க முடியாது. எங்க கைடு தாளத் தூக்கி மேசையில போட்டுட்டாங்க. சமுத்திரம் சார்கிட்டப் பேசிட்டேன். மொதல்ல கோவப்பட்டாரு, பொறவு சரின்னுட்டாரு. எல்லாரும் தனித்தனியா, வேற வேற எடத்துல ஒக்காந்து நெரப்பணும்."

"சரிம்மா."

"உங்ககிட்டக் கூடச் செத்த நேரம் பேசணும். கேள்வியப் படிச்சதும் மனசுல என்ன ஓடுதுன்னு வாயால சொல்லணும். சில பேருகிட்ட மட்டும் இப்பிடிக் கேக்குறேன், கேள்வி சரியாப் புரியுதான்னு தெரிஞ்சுக்க."

மனசுல ஓடுறத வாயால சொல்லணுமாம்! சாயங்காலம் வரைக்கும் காளீஸ்வரி மடிச்ச துணியில பாதிய சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிட்டாரு. ஓரம் சேரலையாம். அவளுக்கு அப்பிடி ஆனதே கெடையாது.

வெள்ளிக்கெழம சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, திருமுக்குளம் படிக்கட்டுல ரெண்டு பேரும் சந்திச்சாங்க. ஹெப்சிபா ஒக்காந்துச்சு. காளீஸ்வரி ஒக்காந்தா, எந்திரிச்சா, மறுபடி ஒக்காந்தா.

"ஏம்மா, இத எங்க சார் பாப்பாரா?"

"யாரும் பாக்க மாட்டாங்கக்கா. பேரே கெடையாது, நம்பருதான்."

"நம்பரு எதுக்கு? பெண்ணுன்னு ஒரு டிக்கப் போட்டா ஊருக்கே தெரியும் அது காளீஸ்வரின்னு. போன தடவ மூணு ஆம்பள பொம்பளையானாங்கள்ல? இந்தத் தடவ நான் ஆம்பளையாயிரட்டா?"

ஹெப்சிபாவுக்கு சிரிப்பு அடங்கல. அடங்குன பொறவு மொகம் மாறிருச்சு. "நீங்க சொல்றது நெசந்தான்க்கா. அத நான் யோசிக்கவே இல்ல. ஒரே ஒருத்தர் இருக்கிற கணக்க தனியா எங்கயும் காட்ட மாட்டேன். எழுதித் தரணும்னாலும் தாரேன்."

"வேண்டாம், வேண்டாம். ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." காளீஸ்வரி 'பெண்'ணுல டிக் போட்டா. பேனா கொஞ்சம் பலமாவே அழுந்துச்சு.

மொதக் கேள்வியெல்லாம் தண்ணியாப் போச்சு. 'என் தவறுகளைத் திருத்திக்கொள்ளும்போது மகிழ்ச்சி அடைகிறேன்.' அஞ்சு. 'புதிய திறன் ஒன்றைக் கற்கும்போது மேலும் உழைக்கத் தோன்றுகிறது.' அஞ்சு. "இது என்னம்மா கேள்வி? ஒரு பந்த தப்பாச் சொல்லிட்டா அன்னைக்கி எனக்குச் சோறு எறங்காது. தெரியுமா?"

அப்புறம் அந்தக் கேள்வி வந்துச்சு. பிற நடுவர்களைக் காட்டிலும்.

காளீஸ்வரி எந்திரிச்சுட்டா. ரெண்டு படி கீழ எறங்குனா, மேல வந்தா.

"மேட்சு நடக்கும்போது என் கண்ணு கோட்டுலதான் இருக்கும். செட்டு முடிஞ்சு தண்ணி குடிக்கிற நேரத்துல மேல போகும். ஸ்டாண்டுல தனுஷ்கோடி நிப்பாரு. நல்ல ரெப்ரி, இல்லங்கல. ஆனா ரெண்டு டீமும் சேந்து கத்துனா அவரு கை லேசா நடுங்கும். வெளிய தெரியாது. எனக்குத் தெரியும். நான் அங்க நின்னா என் கை நடுங்காது. அவர விட நான் மேல. இத... இத நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?"

"என்கிட்டச் சொல்லிட்டீங்களே."

"நல்லபடியா வேல செய்யணும்ங்கிறதும் நெசம்மா. அடுத்தவரத் தாண்டணும்ங்கிறதும் நெசம். இதுல எது என் குணம்? ரெண்டுலயும் அஞ்சு போட்டா ஒன் தாளு கெட்டுப்போயிராதா?"

"கெடாதுக்கா! ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரியில்ல. ஒரே மனசுல ரெண்டும் ஒசந்து இருக்கலாம். இந்தத் தாளு செஞ்சதே அப்பிடி நெனச்சுத்தான்."

காளீஸ்வரி அந்தப் பிள்ளையவே பாத்துக்கிட்டு நின்னா. எத்தன வருசமா ஒண்ண ஒளிச்சு வச்சாத்தான் இன்னொண்ணு நிக்கும்னு நெனச்சிருந்தா, பாவம்! குனிஞ்சு அஞ்ச வட்டம் போட்டா.

"சரிக்கா, ஸ்டாண்டு வேணும்னு சார்கிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?"

"அய்யய்ய, கேக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"கேட்டு வாங்கப்படாது. டூட்டி தானா வரணும். முன்னால ஒருத்தரு, எனக்கு இந்த மேட்சுதான் வேணும்னு சார் வீட்டுக்கே போயிக் கேட்டு வாங்குனாரு. மேட்சு பாதியில தெரிஞ்சு போச்சு, ஒரு டீமுல ஆடுறது அவரு மச்சினன். அன்னைக்கி நெட்டு கிழிஞ்சு, பந்தக் கத்தியில குத்தி, சார் சட்டையெல்லாம் சேறு. அன்னையிலருந்து எவனாச்சும் ஒரு மேட்சக் கேட்டாலே, இவன் எந்தக் கட்சின்னு எல்லாரும் ஒரு மாதிரியாப் பாப்பாங்க."

"அப்ப வேணும்னு ஆசப்படுறவங்க என்ன செய்வாங்க?"

"வேண்டாம்ங்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிருவோம்."

சொல்லிட்டு அவளே திகைச்சுப் போயி நின்னா.

சனிக்கெழம சாயங்காலம் லிஸ்டு வந்துச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துல ஃபைனல், ராஜபாளையம் டீமும் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமும். ஸ்டாண்டு: தனுஷ்கோடி. கீழ ரெண்டாவது ரெப்ரி: சமுத்திரம். லைன்: காளீஸ்வரி.

சோணைமுத்து வாசல்ல லோடு ஆட்டோவுக்கு அடியில படுத்து என்னமோ முடுக்கிக்கிட்டு இருந்தான். காளீஸ்வரி வண்டியச் சுத்திச் சுத்தி வந்தா.

"ஏங்க, நாளைக்கி நான் ஸ்டாண்டக் கேக்கப் போறேன்."

வண்டிக்கடியிலருந்து தலை வெளிய வந்துச்சு. "கேக்கப்படாதுன்னு நீதான சொல்லுவ?"

"ரகசியமாக் கேட்டாத்தான தப்பு? அந்தாளு சார் வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டுக் கேட்டாரு. நாங்க என்ன விசில ஊதிட்டு சைகைய முதுகுக்குப் பின்னாடியா காட்டுறோம்? எல்லாரும் பாக்கத் தூக்கித்தான காட்டுறோம்? நானும் எல்லாரும் பாக்கக் கேக்குறேன். ரெண்டு டீமும் நிக்கட்டும்."

"குடுக்கலன்னா?"

"கொடியப் புடிச்சுட்டு வாரேன்."

"அதுக்கப்புறம் கொடியும் இல்லன்னுட்டா?"

அந்த எண்ணம் காளீஸ்வரிக்கும் வந்திருந்துச்சு. வாராவாரம் அந்தக் கோட்டு ஓரத்துல நிக்கிறது ஒண்ணுதான் அவ உசுரு. கேட்ட வாயிக்கு அதுவும் போயிருச்சுன்னா? சோணைமுத்து ஸ்பானரக் கீழ வச்சுட்டு, "நான் வண்டியில கொண்டுபோயி விடுறேன். பஸ்ஸுல போனா நீ ஒலாத்துற ஒலாத்துக்கு கண்டக்டரு எறக்கி விட்டுருவான்"னான். அவ பாட்டுக்கு வண்டியச் சுத்தி இன்னொரு நடை வந்தா.

ஞாயித்துக்கெழம மைதானத்துல கூட்டம்னா கூட்டம். ராஜபாளையத்துலருந்து ரெண்டு வேன் வந்து எறங்கியிருக்கு. மேட்சுக்கு முன்னால வழக்கமா ஒரு கூட்டம் போடுவாங்க. ரெண்டு கேப்டனும் ரெப்ரிமாரும் நெட்டுப் பக்கம் நின்னு பேசிக்கிடுறது. ஹெப்சிபாவும் மிச்சத் தாள வாங்க வந்து ஓரமா நின்னுச்சு.

சமுத்திரம் சார் பேசி முடிச்சு, "வேற ஏதாச்சும் உண்டா?"ன்னாரு. இத எப்பவும் கேப்பாரு. எப்பவும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

"உண்டு சார்"னா காளீஸ்வரி.

கொடியச் சுருட்டுனா, விரிச்சா.

"எனக்கு இந்த மேட்சுல ஸ்டாண்டு வேணும் சார். ரெண்டு கேப்டனும் நிக்கிறாங்க. எனக்கு எந்தக் கட்சியும் இல்ல. நான் நல்லாச் செய்வேன். அதான் கேக்குறேன்."

சார் மொகம் செவந்து போச்சு.

"என்னத்தா இது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல சார். எனக்கு வேணும். ரொம்ப நாளா வேணும்."

"கேட்டு வாங்கப்படாதுன்னு தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும் சார். அதான் ஒளிச்சுக் கேக்கல."

சார் தலையில கைய வச்சாரு. "கேட்டுட்டா கேட்டவங்களுக்குக் குடுக்க முடியாது. குடுத்தா நாளைக்கி எல்லாப் பயலும் வந்து நிப்பான்."

"நான் இப்பமே நிக்கேன் சார்!" சொன்னது ரெண்டாவது மூலைக்குக் கொடி புடிக்கிற ராம்குமார். ஆள் ஒசரத்துல தென்ன மரம், பேச்சே வராது. "எனக்குந்தான் சார் ஆசை. நான் எத்தன வருசமா மூலையிலயே நிக்கேன்?"

"ஏலே, நீயுமா?"

"அப்ப நான் என்ன கேணையனா? எனக்கும் வேணும்!"னான் தனுஷ்கோடி. "லிஸ்டுல என் பேரு இருக்கு. எனக்கு ஸ்டாண்டுன்னா உசுரு. எழுதிக்கோங்க!"

ஸ்கோர் எழுதுறவரு பேனாவத் தூக்கிக்கிட்டு, "எனக்கும் ஒரு நாளைக்கி இந்த மேசைய விட்டு எந்திரிக்கணும் சார்"ன்னாரு. ஒரே சத்தம். ஒரே நம்பருக்கு வட்டம் போட்ட கூட்டம் இதுதானான்னு ஹெப்சிபா வாயப் பொளந்து நின்னுச்சு. வெளிய கூட்டம் வேற, "மேட்சு உண்டா, இல்ல ரெப்ரி சண்டைய பாத்துட்டுப் போகவா?"ன்னு விசிலடிக்கிது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கேப்டன் வைகுண்டராஜ் கையத் தூக்குனான். "சார், அக்கா ராஜபாளையம். எங்களுக்கு அது எப்பிடி சார் சரியாகும்?"

"தனுஷ்கோடி அண்ணன் உங்க ஊருதான? அது மட்டும் சரியா?"ன்னான் ராஜபாளையம் கேப்டன் கௌதம்ராஜ்.

"அக்கா பொறந்தது மகாராஜபுரம், எங்க பக்கந்தான்"னு வைகுண்டராஜ் டீமுலருந்தே ஒருத்தன் எடுத்துக் குடுத்தான். வைகுண்டராஜ் அவன மொறச்சான்.

சமுத்திரம் சாருக்குப் பொறுமை போயிருச்சு. "ஆடப்போறது நீங்க ரெண்டு பேரு. யாரு ஸ்டாண்டுல நிக்கணும்னு நீங்களே ஒரு பேரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே பேரச் சொல்லணும். இல்லன்னா லிஸ்டுல உள்ளபடி."

கௌதம்ராஜ் பக்கத்துல நின்ன பயகிட்ட அவங்க வீட்டுத் தெலுங்குல, "ஏமிரா, என்னடா சொல்ற?"ன்னான். அவன் தோளக் குலுக்குனான். கௌதம்ராஜ் சார் பக்கம் திரும்பிச் சொன்னான். "சார், போன மாசம் அக்கா எங்க பந்துக்கு அவுட்டு குடுத்தாங்க. நாங்க டீமோட சுத்தி நின்னு கத்துனோம். கொடி ஒரு இம்மி அசையல. பொறவு போன்ல எடுத்த வீடியோவப் போட்டுப் போட்டுப் பாத்தோம், உள்ளயா வெளியவான்னு எங்களுக்கே தெரியல. எனக்கு அக்கா மேல இன்னும் கோவந்தான். ஆனா ஃபைனலுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

வைகுண்டராஜ் அவன ஏற எறங்கப் பாத்தான். "சொந்த ஊர்க்காரனுக்கே விட்டுக்குடுக்கலையா? அப்ப எங்களுக்கும் சரி. அக்காவே ஏறட்டும்."

தனுஷ்கோடி கூட்டத்த விட்டு வெலகுனான். கழுத்துல கெடந்த விசிலக் கழத்திப் பையில போட்டுட்டு, விறுவிறுன்னு டீக்கடையப் பாத்து நடந்துட்டான். ஆசைப்பட்ட மனுசந்தான? வலிக்காதா? காளீஸ்வரிக்கு அந்த முதுகப் பாக்கவே முடியல. கூப்புடவும் முடியல. பாதி டீயோட அவனே திரும்பி வந்து, அவ கையில இருந்த கொடிய வெடுக்குன்னு புடுங்குனான்.

"மூலையில எங்க நிக்கணும்? மறந்துபோச்சு. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்ண்ணே. வெயிலு கண்ணுல அடிக்கும், பாத்துக்கோங்க."

"ம்" அப்பிடின்னுட்டுப் போயி நின்னான்.

சமுத்திரம் சார் ஸ்டாண்டுகிட்ட வந்து, மொத கம்பியில கைய வச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாரு. "கேட்டு வாங்கியிருக்க. தப்பாப் போச்சுன்னா ஒன்னைய மட்டும் ஏச மாட்டாங்க, லிஸ்டு போடுற என்னையும் சேத்துத்தான் ஏசுவாங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏறு."

ஏறுனா. மேல நின்னு பாத்தா கோர்ட்டு சின்னதாத் தெரிஞ்சுச்சு. கோடெல்லாம் துணி மடிப்பு மாதிரி நறுக்குன்னு கெடந்துச்சு. வருசக்கணக்கா கீழருந்து பாத்த எடம். ஆச தீந்துரும்னு நெனச்சா, எங்க? இப்ப வாங்குனதுக்குத் தகுந்தாப்புல நிக்கணுமே.

விசில். மொத சர்வீஸ். ராஜபாளையத்தான் போட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் எடுத்தான், தூக்குனான், வைகுண்டராஜ் பறந்து வந்து ஓங்கி அடிச்சான். நெட்டுக்கு மேல கௌதம்ராஜ் கை ரெண்டும் எந்திரிச்சு நின்னுச்சு. பந்து கையத் தாண்டிப் போயி, கோட்டுக்கு ரொம்ப வெளிய விழுந்துச்சு. அந்த மூலையில தனுஷ்கோடி கொடி மேல போச்சு. அவுட்டு. ராஜபாளையம் வேன் கூட்டம் குதிச்சுச்சு.

ஆனா காளீஸ்வரி பாத்திருந்தா. பந்து தாண்டுறப்ப கௌதம்ராஜோட சுண்டுவெரலு ஒரு நூலு பின்னால வளைஞ்சத. தடுத்தவன் வெரல்ல பட்டு வெளிய போனா பாயிண்டு அடிச்ச டீமுக்குத்தான்.

மொத பாயிண்டு. தனக்காகப் பேசுன பயலுக்கு எதிரா. தன்கிட்ட ஸ்டாண்ட விட்டுட்டுக் கொடி புடிச்சு நிக்கிற ஆளோட கொடிக்கும் எதிரா. கீழ சமுத்திரம் சார் அண்ணாந்து பாக்குறாரு. ரெண்டு டீமும் அண்ணாந்து பாக்குது.

காளீஸ்வரி கையத் தூக்கி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நீட்டுனா. பொறவு ஒரு கை வெரல் மேல இன்னொரு உள்ளங்கையத் தேய்ச்சு, பந்து வெரல்ல பட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி காட்டுனா.

"அக்கா!" நெட்டப் புடிச்சுக்கிட்டு கௌதம்ராஜ் தொண்ட கிழியக் கத்துனான். "என்னக்கா இது? படவே இல்ல!"

மூலையில தனுஷ்கோடி கொடிய எறக்காம நிக்கிறான். வேன் கூட்டம் எந்திரிச்சு நின்னு ஊள உடுது. அவ கையத் திரும்பப் பாத்துக்கிடல. மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நீட்டுன கை நீட்டுனபடி நின்னுச்சு. பந்து சர்வீஸ் கோட்டுக்குப் போயிச் சேர்ற வரைக்கும் நின்னுச்சு.

அப்புறம் சர்வீஸ் போட வந்த பயலப் பாத்து, விசில ஊதுனா.